வெட்டிவிட்ட வயர்

பருத்தித்துறை முனைப் பக்கம் கரையில் இழுத்து ஏற்றியிருக்கும் வள்ளங்களில், கொஞ்சம் வயதான எஞ்சினாகப் பார்த்து மூடியைக் கழற்றினால் அனேகமாக இதைக் காணலாம். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ பெட்டியிலிருந்து வெளியே போகவேண்டிய வயர் ஒன்று பாதியில் வெட்டுப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, ஒரு மூலையில் செருகிக் கிடக்கும். யமஹாவில் அந்த வயர் வெள்ளை. மேர்க்குரியிலும் எவின்ரூட்டிலும் மஞ்சள் கோடு போட்ட கறுப்பு. நிறம் எதுவானாலும் அதற்கு இருப்பது ஒரே வேலை, எஞ்சினை நிப்பாட்டுவது. வெட்டியவரைக் கேட்டால், "உது தேவையில்லாத வயர் தம்பி, பேய்க்கரைச்சல் குடுக்கும்" என்பார். இந்தப் பதிலை ஒத்துக்கொள்ளவும் முடியாமல், முழுக்கத் தள்ளிவிடவும் முடியாமல் கனநாளாக மனதுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எழுதினால் தெளிவு வருமோ பார்ப்போம்.

நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. ரேடியோ, டிவி, இன்வேர்ட்டர் என்று திருத்திப் பிழைக்கிறவன். தொழிலுக்குப் போகிறவன் மச்சான். அவனிடம் இருப்பது கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணும் இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் எஞ்சின். போர்க்காலத்தில் வடக்குக் கடலில் எவ்வளவு குதிரைவலு எஞ்சின் பாவிக்கலாம் என்பதற்கே கட்டுப்பாடு இருந்தது. அதெல்லாம் தளர்ந்த பிறகு யாரோ பாவித்து விட்டதை வாங்கினான். அவனுக்கு முன்பே அது எத்தனை கைகளைக் கண்டதோ தெரியாது. வயர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் ஒட்டுப் போட்டிருந்ததைப் பார்த்தால் குறைவாக இருக்காது.

வருத்தம் இதுதான். சாமத்தில் வள்ளம் கிளம்பும், நன்றாக ஓடும். கரை வெளிச்சம் சின்னதாகிற தூரத்தில் எஞ்சின் நின்றுவிடும். திரும்பத் திரும்ப இழுத்தால் சிலநேரம் பிடிக்கும், சிலநேரம் பிடிக்காது. எப்படியோ கரைக்கு வந்து, விடிந்து, வெயில் ஏறி, மெக்கானிக் அண்ணை வந்து இழுத்தால் ஒரே இழுவையில் ஸ்ராட். அரைமணி நேரம் தண்ணீர் ட்ரம்மில் ஓடவிட்டாலும் ஒரு குறையும் சொல்லமுடியாது. வீட்டுக்கு வந்த வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் ஓடிப்போகிற பிள்ளை மாதிரி.

முதற் பழி மண்ணெண்ணெய்க்கு. எங்கள் கரையில் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவதுதான் நெடுநாள் வழக்கம். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே அடியில் 340 ரூபாயானதிலிருந்து, எஞ்சினுக்கு என்ன வந்தாலும் மண்ணெண்ணெயைத்தான் திட்டுகிறோம். விலையில் இருக்கும் கோபம் தரத்தின் மேலும் போய் விழுகிறது. அதனால் காபரேற்றர் கழுவப்பட்டது, எண்ணெய்க் குழாய் மாற்றப்பட்டது, பிளக் இரண்டும் புதிதாகின. அடுத்து சிடிஐ பெட்டியை மாற்றவேண்டும் என்ற பேச்சு வந்தபோதுதான் மச்சான் என்னிடம் வந்தான். அதன் விலை அப்படி.

நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எப்பிடி நிண்டது? இருமி இருமிச் செத்ததோ, டக்கெண்டு நிண்டதோ?"

"லைற்றை நூத்த மாதிரி நிண்டது மச்சான்."

எண்ணெய் வராத எஞ்சின் அப்படிச் சாகாது. முதலில் இழுவை குறையும், விக்கும், ஏறும், இறங்கும். எண்ணெய்க் குழாயில் இருக்கும் ரப்பர் பந்தைக் கையால் அமத்தினால் கொஞ்சம் உயிர் வரும். எந்த அறிவிப்பும் இல்லாமல் ஓட்டத்தின் நடுவில் அறுந்தாற்போல நின்றால் கரண்டைத்தான் தேடவேண்டும். இதை மெக்கானிக் அண்ணையும் அறியாதவர் இல்லை. ஆனால் அவரை எவரும் சாமத்தில் நடுக்கடலுக்குக் கூட்டிப்போவதில்லை. அவர் பார்ப்பதெல்லாம் வெயிலில் நன்றாக ஓடும் எஞ்சினை.

எல்லாம் தலைகீழ்

1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு இந்த எஞ்சினின் கரண்டை விளங்கப்படுத்தப் பெரிய பாடம் தேவையில்லை. ரோச் பட்டரிகூடத் தடைப்பட்ட சாமான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். காந்தம் சுற்றினால் கம்பிச் சுருளில் கரண்ட் வரும், சுற்றுவது நின்றால் செய்தியும் நிற்கும். இந்த எஞ்சினிலும் அதுதான் நடக்கிறது. மேலே இருக்கும் கனத்த சில்லின் உட்பக்கம் காந்தங்கள். அதற்குக் கீழே சுருள்கள். ஒரு சுருள் நூறு, இருநூறு வோல்ட்டுக்கு மேல் உண்டாக்கி சிடிஐ பெட்டிக்குள் கரண்டைச் சேர்த்துவைக்கும் கொன்டென்சரை நிரப்பும். இன்னொரு சின்னச் சுருள், பிஸ்டன் சரியான இடத்துக்கு வரும்போது "இப்ப விடு" என்று சைகை கொடுக்கும். நிரம்பியது முழுக்க ஒரே பாய்ச்சலில் இக்னிஷன் கொயிலுக்குள் போய், ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பெருத்து, பிளக்கில் பொறியாக விழும். பட்டரிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. வள்ளத்தில் பட்டரியே இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடும். பட்டரி இருப்பது லைற்றுக்கும் ஜீபீஎஸுக்கும் மட்டும், அதற்கு வேறு சுருள்.

அப்படித் தானே கரண்ட் உண்டாக்கித் தானே ஓடுகிற ஒன்றை நிப்பாட்டுவது எப்படி? வீட்டு லைற்றை நூர்ப்பதென்றால் வரும் கரண்டைத் துண்டிக்கிறோம். இங்கே துண்டிப்பதற்கு வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. அதனால் எஞ்சினைச் செய்தவர்கள் எதிர்வழியில் போனார்கள். கொன்டென்சரை நிரப்பவேண்டிய கரண்டை ஒரு வயர் வழியாக எஞ்சின் உடம்பிலேயே, அதாவது ஏர்த்தில், கொட்டிவிடுவது. ஸ்ரொப் சுவிச்சை அமத்தும்போது நடப்பது அதுதான். கையில் மாட்டும் சிவப்புச் சுருட்டைக் கயிற்றின் கிளிப் சுவிச்சில் இருக்கும்வரை தொடுப்பு விலகி நிற்கும், எஞ்சின் ஓடும். கிளிப் கழன்றால் ஸ்பிரிங் தள்ளித் தொடுப்பு ஒட்டும், எஞ்சின் சாகும்.

வீட்டு வயரிங் பழக்கத்தோடு இந்த எஞ்சினுக்குள் கை வைப்பவர் குழம்புவது இங்கேதான். வீட்டில் வயர் அறுந்தால் லைற் எரியாது. இங்கே ஸ்ரொப் வயர் அறுந்தால் எஞ்சின் நிற்காது. வீட்டில் தொடுப்பு நன்றாக இருப்பதைத் தேடுகிறோம். இங்கே எங்கே தொடக்கூடாத இடத்தில் தொடுகிறது என்று தேடவேண்டும். "கரண்ட் வரேல்லை" என்று நினைத்து அந்த வயருக்கு 12 வோல்ட் பட்டரியைக் கொடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அதோடு சிடிஐயின் கதை முடியும்.

ஆகவே மெக்கானிக் அண்ணை செய்த முதல் காரியம் மிகச் சரியானது. இரண்டு பிளக்கிலும் ஒருசேர நெருப்பு நிற்கிறதென்றால் பழுது இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கவேண்டும். ஒரு பிளக்கில் மட்டும் என்றால் இக்னிஷன் கொயில் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, பழுதும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்த்திருப்பார். பொதுவான இடங்களில் மலிவானதும் கைக்கு எட்டுவதும் ஸ்ரொப் வயர். அதைச் சிடிஐக்குக் கிட்ட வெட்டித் தனியாக்கினார். மச்சான் அன்று இரவு போனான், வந்தான். அடுத்த இரவும் போனான், வந்தான். எஞ்சின் நிற்கவே இல்லை. கரையில் நிற்பாட்டுவதற்கு சோக்கை இழுத்து மூச்சுத் திணறவைப்பான், அல்லது எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு அது குடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். அண்ணை நுனிக்கு டேப் சுற்றினார். வேலை முடிந்தது என்றார்.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்கச் செய்த சோதனையே திருத்தமாகிவிட்டது. எனக்கு அது நெருடியது.

வெயிலில் நல்ல சுவிச்

கழற்றிப்போட்ட சுவிச்சை நான் வாங்கி வந்தேன். அண்ணை அதை மீட்டரில் பார்த்துவிட்டு "சுவிச்சும் நல்லம்தான், ஏனெண்டு தெரியேல்லை" என்று சொல்லியிருந்தார். நானும் கடையில் வைத்துப் பார்த்தேன். கிளிப் போட்டால் மீட்டர் ஒன்றும் காட்டவில்லை, கழற்றினால் சீராகப் பூச்சியம், அதாவது முனை இரண்டும் நன்றாக ஒட்டுகின்றன. புத்தகத்தில் போட்டிருக்கிறபடி நல்ல சுவிச்.

ஆனால் சாதாரண மீட்டர் உள்ளே இருக்கும் சின்னப் பட்டரியின் சில வோல்ட்டைக் கொடுத்துத்தான் அளக்கிறது. எஞ்சின் ஓடும்போது அந்தச் சுவிச்சின் இரண்டு முனைக்கும் இடையில் நிற்பது நூற்றுக்கணக்கான வோல்ட். அடுத்த விசயம் உப்பு. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதம் அளவைத் தாண்டினால் சுத்தமான சோற்றுப்புக்கூடத் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது இன்னும் முந்தியே கசியும். எங்கள் கரையில் சாமத்துக் காற்று எப்படி இருக்கும் என்று முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டவர்களுக்குத் தெரியும். நண்பகல் வெயிலில் அதே உப்பு காய்ந்து, கரண்டுக்குக் கதவைச் சாத்திவிடுகிறது.

வீட்டு வயரிங் சோதிக்க நான் வைத்திருக்கும் மெகர், 500 வோல்ட் கொடுத்து வயரின் காப்பை அளப்பது. சுவிச்சை வயரோடு விறாந்தை மதிலில் இரவு முழுக்கக் கிடக்கவிட்டு, விடியப்புறம் நாலு மணிபோல எழும்பி மெகரைத் தொடுத்தேன். (மனிசி கேட்ட கேள்வியை இங்கே எழுதவில்லை.) கிளிப் போட்டிருந்தபடியே முள் விழுந்து பூச்சியத்துக்குக் கிட்டக் கிடந்தது. பத்து மணி வெயிலில் அதே சுவிச்சில் முள் மேலே ஏறி நின்றது. அன்று இரவு மறுபடி விழுந்தது.

பிறகு சுவிச்சை உடைத்துப் பார்த்தேன். தண்ணீர் போகாமல் காக்கவேண்டிய ரப்பர் உறை வெடித்து உதிர்ந்து, உள்ளே பச்சைக் களிம்பும் வெள்ளை உப்புமாய் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு பாதையே போட்டிருந்தது. வயரையும் சீவிப் பார்த்தேன். செப்பு கறுத்திருந்தது, இன்னும் ஒரு சாண் மேலே சீவினாலும் கறுப்புத்தான். யாரோ கார்ச் சாமான் கடையில் வாங்கிய வெறும் செப்பு வயரைப் போட்டு, முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார்கள். அந்த டேப் தண்ணீரை வெளியே விடாமல் பத்திரமாக வைத்திருக்கிறது. உப்புத்தண்ணீர் இழைகளுக்கு நடுவே திரிபோல ஏறிவிடும். கடலுக்கென்று வரும் வயரில் ஒவ்வொரு செப்பு இழைக்கும் வெள்ளீயம் பூசியிருப்பது இதற்காகத்தான்.

சாமத்தில் நோய், பகலில் சுகம் என்பதற்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. சிடிஐ நல்லம், சுருள்கள் நல்லம், மண்ணெண்ணெயும் பாவம் நல்லம். புதுச் சுவிச் ஒன்றும் கொஞ்ச வயரும் போதும் என்று சந்தோசமாக மச்சானிடம் போனேன்.

"ஏன்?" என்றான் அவன்.

எந்தச் சாவுக்குப் பயப்படுவது

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். கைப்பிடியால் திருப்பும் எஞ்சினில் கை விட்டுப்போனால், ப்ரொப்பெல்லர் சுற்றும் வேகமே எஞ்சினை ஒரு பக்கம் திருப்பிவிடும். வள்ளம் வட்டமடிக்கும். விழுந்தவன் மேலேயே திரும்பி வரும். அதற்காகத்தான் அந்தக் கயிறும் சுவிச்சும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் அந்தக் கயிற்றை மாட்டியே ஓடவேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமே இருக்கிறது. எங்கள் வள்ளங்கள் எல்லாம் அதற்குள் அடங்குகிற நீளம்தான்.

மச்சான் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான். "நான் தனியவே போறன்? ரெண்டு பேர் போறம். நான் விழுந்தா அவன் திருப்புவான். சோளகத்துக்கை எஞ்சின் நிண்டா ரெண்டு பேரும் சேந்துதான் போறது." தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகம் எங்கள் கரையிலிருந்து வள்ளத்தை வங்கக்கடல் பக்கம்தான் தள்ளும். இரவில் இழுவைப்படகுகள் வருகிற பாதையில் அசையமுடியாமல் கிடப்பது வேறு. "விழுறது எப்பவாவது. எஞ்சின் நிண்டது நான் கண்டது. நிப்பாட்டுற வயர் நிப்பாட்டக் கூடாத நேரத்தில நிப்பாட்டினா அது ஆரைக் காப்பாத்துற வயர்?"

எனக்கு மறுமொழி வரவில்லை. நான் சுவிச்சைப் பார்த்தேன், அவன் கடலைப் பார்த்தான் என்று சொல்லலாம். ஒரு பாதுகாப்புச் சாமான் பழுதாகும்போது எந்தப் பக்கம் பழுதாகும் என்பதை அதைச் செய்தவன் தீர்மானிக்கிறான். இந்தச் சுவிச்சில் உப்பு ஏறி ஒட்டினால் எஞ்சின் நிற்கும், அறுந்தால் எஞ்சின் நிற்காது. ஏரியில் ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறவனுக்கு முதலாவது ஒரு தொல்லை மட்டும். துடுப்புப் போட்டோ, கைபேசியில் ஆளைக் கூப்பிட்டோ கரைக்கு வந்துவிடுவான். சாமத்தில் கரை தெரியாத தூரத்தில் நிற்கிறவனுக்கு அது வேறு கணக்கு. வெட்டுகிறவர்கள் எல்லாரும் அறியாமையில் வெட்டவில்லை.

அதற்காக வெட்டியதும் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. விழுந்தால் மற்றவன் திருப்புவான் என்பது அந்த மற்றவன் முழிப்பாக இருந்தால். வலை விட்டுவிட்டு விடியும்வரை மாறிமாறிக் கண்ணயர்வார்கள் என்பது எனக்கும் தெரியும். திரும்பி வரும் ஓட்டத்தில், உடம்பு முழுக்க அலுப்போடு, முழு வேகத்தில், ஒருவன் கைப்பிடியில் இருக்க மற்றவன் வலைக்குவியலில் சாய்ந்துவிடுவான்.

திருப்பம் அந்த அமெரிக்கச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதை மச்சானுக்குச் சொல்லி வெருட்டத்தான் தேடி வாசித்தேன். வாசித்தால், அது எல்லா நேரத்துக்கும் கயிறு மாட்டச் சொல்லவில்லை. படகு வேகமெடுத்துத் தண்ணீர்மேல் எழும்பி ஓடும்போதுதான் கட்டாயம். மெதுவாக ஊர்ந்துகொண்டு வேலை செய்யும்போது தேவையில்லை. மச்சானுக்கு ஏற்கெனவே இருந்த இன்னொரு முறைப்பாடு, கயிறு கையில் இருந்தால் வலை இழுக்கமுடியாது, எங்கேயாவது கொழுவி எஞ்சின் நின்றுவிடும் என்பது. வலை இழுக்கும்போது கயிறு சுவிச்சிலேயே தொங்கட்டும், கையில் வேண்டாம். போகும் ஓட்டத்திலும் வரும் ஓட்டத்திலும் மட்டும் கையில் மாட்டினால் போதும். இதைச் சொன்னதும் அவன் முகம் கொஞ்சம் இளகியது.

மிச்சம் இருந்தது நடுக்கடலில் சுவிச் மறுபடி காலைவாரினால் என்ன செய்வது என்பது. அதற்கு வெட்டவே தேவையில்லை. ஸ்ரொப் வயரில், மூடிக்குக் கீழே கை போகிற இடத்தில், இழுத்தால் கழறும் ஒற்றை இணைப்பு ஒன்றைப் போட்டேன். இரண்டு பக்கமும் வயரைக் கிறிம்ப் பண்ணி, அதாவது இணைப்போடு நசுக்கிப் பிடிக்கவைத்து, சூட்டில் சுருங்கிப் பசை விடும் குழாய் போட்டு, இணைப்புக்குள் கிறீஸ் அடைத்தேன். ஈயப்பற்று வைக்கவில்லை. அதிரும் எஞ்சினில் பற்று முடிகிற இடத்தில் வயர் விறைத்து முறியும். இருட்டில் விரலுக்குத் தெரியவேண்டும் என்று அந்த இணைப்பின் மேல் நைலோன் நூலால் ஒரு முடிச்சுப் போட்டான் மச்சான். வலைக்காரனின் முடிச்சு, எனக்கு அந்த நேர்த்தி வராது. எஞ்சின் நின்றால் மூடியைத் தூக்கு, முடிச்சைத் தேடு, இழுத்துக் கழற்று, ஸ்ராட் கயிற்றை இழு. கரைக்கு வந்து மறுபடி பூட்டு. பகலில் கண்ணை மூடிக்கொண்டு செய்து பழகினான். புதுச் சுவிச்சை முன்பு இருந்த இடத்தில் வைக்காமல், அலை தெறித்து நேரே விழாத பக்கத்துக்கு மாற்றினோம்.

இதெல்லாம் வெட்டி டேப் சுற்றுவதைவிடக் காசும் நேரமும் கூடிய வேலை என்பதை மறைக்கவில்லை. மெக்கானிக் அண்ணை வந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டதும் அதுதான். "இதுக்கு ஆர் தம்பி காசு தருவினம்? வெட்டி விடுங்கோ எண்டுதான் எல்லாரும் கேக்கினம்." அவர் சொல்வது நியாயம். தொழில் இல்லாத நாளில் எஞ்சினைக் கொண்டு வருகிறவன் அன்று இரவே கடலுக்குப் போகவேண்டும் என்றுதான் நிற்பான். இருந்தாலும் இணைப்பை இரண்டு மூன்று தரம் கழற்றிப் பூட்டிப் பார்த்தார். வெட்டுகிற நேரத்தில் இதைப் போடலாம், சுவிச் வாங்கக் காசு வரும்போது பூட்டிக்கொள்ளட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இப்போது அவர் கை வைக்கிற எஞ்சின்களில் அந்த ஒற்றை இணைப்பு இருக்கிறது. மறுபக்கத்தில் சுவிச் இல்லாமல் சும்மா தொங்குகிறவைதான் கூட.

மச்சான் கயிறு மாட்டுகிறானா என்று கேட்டால் மாட்டுகிறேன் என்கிறான். அவனோடு போகும் பொடியனைக் கேட்டால் சிரிக்கிறான்.

போன கிழமை அண்ணை மெகரை இரவல் கேட்டு வந்தார். சில்லுக்குக் கீழே இருக்கும் சுருள்களையும் விடியப்புறத்தில் பார்க்கவேண்டுமாம். சூட்டில் மட்டும் அறுகிற ஒரு சுருள் அவரை நெடுநாளாக அலைக்கழிக்கிறது. சூட்டில் அறுகிறதென்றால் அதற்கு மெகர் உதவாது, ஓடி நின்ற சூட்டோடு சாதாரண மீட்டரில் மின்தடையை (ஓம்) பாருங்கள் என்று சொன்னேன். பரவாயில்லை, இரண்டையும் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். படலையைத் தாண்டிய பிறகு கூப்பிட்டு, "அண்ணை, தொடுக்க முதல் சிடிஐயைக் கழட்டுங்கோ, இல்லாட்டி 500 வோல்ட் அதுக்குள்ளயும் போயிடும்" என்றேன். "அது தெரியும் தம்பி" என்றார். தெரிந்திருந்தால் நல்லது.